கழிவு

லண்டனிலிருந்து பாரிஸுக்கு யூரோஸ்டாரில் இரண்டே கால் மணித்தியாலம். கார் து நோர் நிலையத்தின் பக்கவாசலால் வெளியே வந்து, ஃபோபூர் சென் துனி வீதியில் வடக்குப் பக்கமாக நடந்தால் ஐந்து நிமிடத்துக்குள் முதலாவது தமிழ்ப் பெயர்ப்பலகை கண்ணில் படும். பெட்டியை இழுத்துக்கொண்டு நடக்கிற எங்களைக் கண்டதும் கடை வாசலில் நிற்கிற யாராவது ஒருவர் "லண்டனோ?" என்று கேட்பார். எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. விலையைப் பார்த்தவுடன் பவுணுக்கு மாற்றிக் கணக்குப் பார்க்கிற முகம் எங்களுக்கு என்று மனைவி சொல்வாள்.

சித்தப்பா குடும்பம் லா கூர்னேவில் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நத்தார் விடுமுறைக்கு அங்கே போவது எங்கள் வழக்கம். போன மார்கழியிலும் போனோம். பனி கொட்டும் என்று நம்பி மகன் புதிய சப்பாத்தோடு வந்திருந்தான். பத்து நாளும் நாலைந்து பாகையும் தூறலும்தான். பின்னேரம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். ஒரு நாள் ஷோன்செலிசே வீதியின் விளக்குகளைப் பார்க்கப் போனோம். மற்ற நாட்களெல்லாம் லாச்சப்பல்.

சித்தப்பாவுக்காகத்தான் லாச்சப்பல். ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஒவ்வொரு நாளும் அங்கே போகிறார். காலையில் பத்து மணிக்கு மேலங்கியைப் போட்டுக்கொண்டு, ஆர்.இ.ஆர். 'பி' ரயில் எடுத்து, இரண்டாவது தரிப்பில் இறங்கினால் கார் து நோர். மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வந்துவிடுவார். கையில் ஒரு கட்டுக் கறிவேப்பிலையோ நாலு முருங்கைக்காயோ இருக்கும். சித்திக்கு இது பிடிப்பதில்லை.

"வீட்டுக்குக் கீழயே தமிழ்க்கடை இருக்கு. கோயிலும் இருக்கு. இவருக்கு ஒரு நெட்டுக் கறிவேப்பிலைக்கும் லாச்சப்பல்தான் வேணும்."

அவர் சிரித்துக்கொண்டே சப்பாத்துக் கயிற்றைக் கட்டுவார்.

பிள்ளைகளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மகளுக்குப் பதினொரு வயது, மகனுக்கு எட்டு. சித்தப்பாவின் மகள் எனக்குத் தங்கச்சி முறை. அவளுடைய மகனுக்கு ஒன்பது. என் பிள்ளைகள் ஆங்கிலம் பேசுகிறவர்கள், மருமகன் பிரெஞ்சு. மூன்று பேருக்கும் பொதுவாக இருப்பது தமிழ் ஒன்றுதான், அதுவும் மூன்று பேரிடமும் நொண்டுகிறது. சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு என் பிள்ளைகளை அனுப்ப நான் படுகிற பாட்டை லண்டன்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. "தமிழ் எதுக்கு யூஸ் ஆகும்?" என்று மகள் கேட்டபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. பாரிஸில் முதல் நாள் இரவே அதற்குப் பதில் கிடைத்தது. வீடியோ விளையாட்டில் மருமகன் கள்ள விளையாட்டு விளையாடிவிட்டான். மகன் ஆங்கிலத்தில் கத்தினான், அவன் பிரெஞ்சில் கத்தினான், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் என் மகன் மூச்சை இழுத்துக்கொண்டு, "நீ அளாப்பி!" என்றான். அடுத்த அறையில் இருந்த சித்தப்பா கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சொல்லை நான் வீட்டில் சொன்னதாக ஞாபகம் இல்லை. யாழ்ப்பாணத்து ஒழுங்கையில் கிட்டிப்புள் விளையாடிய காலத்துச் சொல். என் வாயால் எப்போதாவது தவறி விழுந்ததை அவன் எடுத்து வைத்திருக்கிறான்.

சண்டை பிடிக்க மட்டும் உதவிய தமிழ் நாலைந்து நாளில் இரகசியம் பேசவும் உதவியது. வயது வந்தவர்களுக்கு விளங்காத மொழி வேண்டும் என்றால் இவர்களிடம் இல்லை. அதனால் குசுகுசுத்தார்கள்.

லாச்சப்பலைப் பிள்ளைகளுக்குக் கடைத்தெருவாகத்தான் தெரியும். கொத்துரொட்டித் தகரம் அடிபடுகிற சத்தம், நகைக்கடைக் கண்ணாடி, மரக்கறிப் பெட்டிகள், பிரயாண முகவர்களின் விளம்பரங்கள், புடைவைக் கடையில் ஓடுகிற படப் பாட்டு. எனக்கும் நெடுநாள் அப்படித்தான். றூ காய், றூ பெர்தொனே, லூயி பிளான் வீதி என்று நாலைந்து தெரு. ஒரு மணித்தியாலத்தில் சுற்றி முடித்துவிடலாம். சித்தப்பாவோடு நடந்தால் முடியாது. அவருக்குக் கடைகளின் பெயர்கள் கண்ணில் படுவதில்லை. அந்தக் கடைகள் வருவதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது, அதன் வாசலில் யார் நின்றார்கள் என்பதுதான் அவருக்குத் தெரியும்.

அவர் 1985இல் வந்தவர். அக்காலத்தில் மேற்கு ஐரோப்பாவுக்கு எங்களவர்களுக்கு இருந்த பெரிய வாசல் கிழக்கு பெர்லின். ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினால் கிழக்கு ஜெர்மனி கடவு விசா கொடுக்கும். அங்கிருந்து பிரீட்றிக்ஸ்ட்ராச நிலையத்தில் ரயில் ஏறினால் மேற்கு பெர்லின். பெர்லின் பிரிந்த நகரம் என்பதை ஏற்றுக்கொள்ளாத மேற்குத் தரப்பு தன் பக்கத்தில் கடவுச்சீட்டுச் சோதனை வைக்கவில்லை. இரண்டு வல்லரசுகளின் வறட்டுக் கௌரவத்துக்கு நடுவே இருந்த ஓட்டையால் ஆயிரக்கணக்கான தமிழர்கள் நுழைந்தார்கள். 1986 ஒக்டோபர் 1ஆம் திகதியோடு கிழக்கு ஜெர்மனி அதை அடைத்துவிட்டது. சித்தப்பா ஒரு வருடம் முந்திக்கொண்டார். பெர்லினிலிருந்து பாரிஸ் வந்தது எப்படி என்று கேட்டால், "நடந்தும் காரிலும்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

அப்போது பிரான்சில் அகதி விண்ணப்பம் கொடுத்த கையோடு வேலை செய்ய அனுமதி இருந்தது. 1991 செப்டெம்பரில் ஒரு சுற்றறிக்கையால் அதை நிறுத்தினார்கள். ஒரே ஊரிலிருந்து 1990இல் வந்தவர் சட்டப்படி சம்பளச்சீட்டு வாங்கினார். 1992இல் வந்த அவருடைய தம்பி கறுப்பில் வேலை செய்தார், அல்லது அண்ணனின் கார்டைக் காட்டி வேலை செய்தார். லாச்சப்பலின் அந்தக் கால வாழ்வில் பாதி இந்த ஒரு சுற்றறிக்கையால் ஆனது என்று சித்தப்பா நினைக்கிறார். யாருடைய கார்டு யாரிடம், எந்த உணவகத்தில் ஆள் தேவை, எந்த அறையில் ஒரு பாய் விரிக்க இடம் இருக்கிறது, யாருக்குக் கடிதம் மொழிபெயர்க்க வேண்டும் என்பதெல்லாம் இந்த நாலைந்து தெருவின் நடைபாதையிலேயே தீர்ந்தது. "எங்களுக்கு இது வங்கி, தபால் கந்தோர், கச்சேரி எல்லாம்" என்றார் ஒருமுறை. அப்போது கோயிலும் வந்துவிட்டது. மாணிக்க விநாயகர் ஆலயம் தொடங்கியது 1985இல். இன்று அது பஜோல் வீதியில் இருக்கிறது. ஆவணியில் தேர் வெளிக்கிட்டால் தெரு முழுக்கத் தேங்காய் உடைபடுவதைப் பார்க்கப் பிரெஞ்சுக்காரர்களும் கமெராவோடு வந்து நிற்பார்கள்.

லாச்சப்பல் மெத்ரோ தூண்களில் நிற்கிற பாலத்தில் ஓடுகிறது. அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய தியேட்டர் உண்டு, பூஃப் து நோர். நெடுங்காலம் பூட்டிக் கிடந்ததை பீட்டர் புரூக் 1974இல் திறந்தார். அவருடைய 'மகாபாரதம்' 1985இல் அவிஞ்ஞோனில் அரங்கேறி, பிறகு இந்தத் தியேட்டருக்கு வந்தது. ஒன்பது மணித்தியால நாடகம். மல்லிகா சாராபாய் திரௌபதி. இதையெல்லாம் நான் புத்தகத்தில் படித்தவன். சித்தப்பா அந்த மாரியில் தியேட்டருக்கு எதிர்ப்பக்கம் வேலை விசாரித்து நின்றவர். உள்ளே பாரதம் நடந்தது தெரியுமா என்று இந்த முறை கேட்டேன்.

"தெரியாது. எவ்வளவு நேரம் எண்டனி?"

"ஒன்பது மணித்தியாலம்."

"அவ்வளவுதானே? எங்கட ஊரில விடிய விடிய எல்லோ ஆடுவினம்."

கோப்பை கழுவின கதைக்கு வருகிறேன். வராமல் இருக்க ஏலாது. பாரிஸ் என்றதும் நமது பத்திரிகைகள் நாற்பது வருடமாக எழுதி வருகிற கதை அது. 1993இல் இங்கே வந்த ஷோபாசக்தியும் அவர் தலைமுறையும் எழுத்தில் கொண்டுவந்த வாழ்க்கை, 2015இல் கான் விழாவில் தங்கப் பனை பெற்ற 'தீபன்' வரைக்கும் போய்விட்டது. பிரெஞ்சில் கோப்பை கழுவும் வேலைக்கு 'புளோஞ்' என்று பெயர். முக்குளிப்பு என்ற சொல்லும் அதன் அடியில் வருவதுதான். சித்தப்பா பத்து வருடம் முக்குளித்தார், பிறகு குசினிக்குள் ஏறிச் சமையல்காரர் ஆனார். அந்தக் கதையை நான் இத்தனை பேர் எழுத்தில் வாசித்து, இரண்டு இலக்கியக் கூட்டங்களில் அதைப் பற்றிப் பேசியும் இருக்கிறேன். சித்தப்பா எந்த உணவகத்தில் கழுவினார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கோப்பைகளின் காசில் படித்தவன் நான்.

2003இல் எனக்கு இங்கிலாந்தில் முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்தது. கணினி விஞ்ஞானம், ஒரு வருடம், 9,000 பவுண் கட்டணம். அப்பா காணியை ஈடு வைத்தார், போதவில்லை. மிச்சத்துக்குச் சித்தப்பா 6,900 யூரோ அனுப்பினார். "சீட்டு எடுத்து அனுப்பினவன்" என்று அப்பா சொன்னார். 2007இல் அந்த 6,900ஐயும் திருப்பிக் கொடுத்தேன். சித்தப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. கணக்கு முடிந்தது என்று நினைத்திருந்தேன். லண்டனில் நாங்கள் பாரிஸ்காரரைக் கொஞ்சம் கீழே வைத்துப் பேசுவது உண்டு. அங்கே படிப்பு இல்லை, கடையும் சீட்டும்தான் என்று. அந்தப் பேச்சில் நானும் சிரித்திருக்கிறேன்.

நத்தாருக்கு அடுத்த நாள் சித்தப்பாவோடு தனியே லாச்சப்பல் போனேன். றூ காய் முனையில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் கூட்டிப்போனார். குளிருக்குள் இருந்து உள்ளே போனதும் என் மூக்குக்கண்ணாடி புகார் பிடித்துவிட்டது. அதைத் துடைத்துப் போட்டபோது எதிரே ஒருவர் இருந்தார். சித்தப்பா வயதுதான். கறுப்புக் கம்பளித் தொப்பி, மடியில் கைத்தடி. அவருக்கு முன்னால் பிளேன்ரீ இரண்டு இருந்தது. ஒன்றில் ஆவி பறந்தது, யாரும் தொட்டிருக்கவில்லை. சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் அதன் முன்னால் போய் இருந்தார்.

"தம்பி ஆர்? அண்ணற்ற மோனே?"

"ஓம், மூத்தவன். லண்டன்."

"ஓ," என்று அவர் என்னை நன்றாகப் பார்த்தார். "அண்டைக்குப் படிக்க வந்தவர்?"

"அவன்தான்."

"படிப்பு நல்லா முடிஞ்சுதே தம்பி?"

முடிந்து இருபது வருடம் ஆகிறது என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. என்ன வேலை, நல்ல சம்பளமா, எத்தனை பிள்ளைகள், அவர்கள் நன்றாகப் படிக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நிறுவனங்களின் பழைய மென்பொருளைப் புதியதுக்கு மாற்றிக் கொடுக்கிற வேலை என்று விளக்கினேன். பரீட்சை எடுப்பதுபோல அவ்வளவு கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். சித்தப்பா வெளியே தெருவைப் பார்த்தபடி தேத்தண்ணியை ஊதினார். எழும்பும்போது நான் காசு கொடுக்கப் போனேன். அவர் கைத்தடியைக் குறுக்கே நீட்டி மறித்தார். "நீர் விருந்தாளி."

இரவு சித்திக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தபடி அந்த மனிதரைப் பற்றிக் கேட்டேன். அடுத்த நாள் இடியப்பத்துக்குச் சொதி, சம்பல், அறக்குளா மீன் குழம்பு. சித்தி மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயைப் பூட்டினார்.

"உனக்கு உவர் ஒண்டும் சொல்லேல்லையே?"

சீட்டுப் பழக்கம் இல்லாத இளைய வாசகர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். இருபது பேர் சேர்ந்து மாதம் 500 யூரோ போட்டால் மாதாமாதம் 10,000 சேரும். இருபது மாதம் ஓடும். முதல் மாதத்துக் காசு சீட்டுப் பிடிக்கிறவருக்கு. அதன் பிறகு யாருக்கு அவசரமோ அவர் கழிவு கூற வேண்டும். 10,000இல் 1,000 விட்டுத் தருகிறேன் என்பார் ஒருவர், 1,200 என்பார் மற்றவர். யார் கூடக் கழிக்கிறாரோ அவருக்கு மிச்சக் காசு. விட்டுக்கொடுத்த கழிவை எல்லாருக்கும் பங்கிட்டு அந்த மாதக் கட்டுக்காசில் குறைப்பார்கள். எழுத்துப் பத்திரம் கிடையாது. ஒரு கொப்பி, அதில் பெயர்கள், அவ்வளவுதான். வங்கிக் கணக்கே திறக்க முடியாத மனிதர்களுக்கு இதுதான் வங்கி. சீட்டை எடுத்துக்கொண்டு தலைமறைவானவர்களும் உண்டு. ஆனாலும் சீட்டு நிற்கவில்லை.

2003 ஆவணி, மூன்றாம் மாதச் சீட்டு. றூ பெர்தொனேயில் ஒரு கடைக்கு மேல் மாடி அறை. மூன்றாம் மாதத்துக்கு வழக்கமாக 1,500 அளவில் கழிவு போகும் என்றார் சித்தி. அன்று இருவருக்கு அவசரம். ஒருவர் சித்தப்பா. என் கட்டணத்தின் முதல் பங்கு இரண்டு கிழமைக்குள் கட்டியாக வேண்டும். மற்றவர் கம்பளித் தொப்பிக்காரர். அவருடைய கடைசித் தம்பி வன்னியிலிருந்து வந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் நின்றான். ஏஜென்சிக்காரன் ஒரு கூட்டத்தை அனுப்ப ஆயத்தம், முற்பணம் கட்டினால் தம்பிக்கும் இடம். இருவரும் ஒரே அறையில் நாலு வருடம் பாய் விரித்தவர்கள்.

"1,500இல தொடங்கி இவர் கூட்ட அவர் கூட்ட, அறையில ஒருத்தரும் கதைக்கேல்லையாம். 3,100இல இவர் எடுத்தார்."

10,000இல் 3,100 போக 6,900. அந்தத் தொகையை நான் இருபது வருடமாக ஒரு தொகையாகவே வைத்திருந்தேன். ஏன் 6,900, ஏன் 7,000 இல்லை என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. மாதா மாதம் கணக்குப் பிழை கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

"அவற்ற தம்பி?"

அடுத்த மாதச் சீட்டை அவர் குறைந்த கழிவுக்கே எடுத்துவிட்டார். அதற்குள் அந்தக் கூட்டம் போய்விட்டது. லொட்ஜ் காசு ஏறுகிறது, சமாதான காலம், ஏ-9 பாதையும் திறந்துதான் இருக்கிறது என்று தம்பி வன்னிக்குத் திரும்பிவிட்டான். பிறகு அண்ணன் காசு அனுப்புகிறேன் என்றபோது, இங்கே பிரச்சினை இல்லை, நான் வரவில்லை என்றுவிட்டான். அங்கே கலியாணமும் முடித்தான். 2006இல் பாதை பூட்டியது. 2009 மாசிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு கதையும் இல்லை.

"ஒருத்தரும் ஒருத்தரையும் குற்றம் சொல்லேல்ல," என்றார் சித்தி, மறுபடி குழாயைத் திறந்துகொண்டு. "அவர் ஒரு சொல்லுச் சொன்னதில்லை. நீ இதைப் போய் இவரிட்டைக் கேக்காத."

அன்று இரவு நித்திரை இல்லை. வரவேற்பறை சோபாவில் படுத்திருந்து, என் தொழில் பழக்கத்தில், காரணங்களை அடுக்கிப் பார்த்தேன். ஒரு மென்பொருள் விழுந்தால் மூலகாரணம் தேடி அறிக்கை எழுதுவோம். இந்தக் கதையில் அந்தச் சீட்டுக்கும் அந்த மாசி மாதத்துக்கும் நடுவில் ஏஜென்சிக்காரன் இருக்கிறான், தம்பியின் சொந்த முடிவு இருக்கிறது, ஒரு கலியாணம் இருக்கிறது, ஒரு யுத்தம் இருக்கிறது. அந்த ஏஜென்சி வழியில் போயிருந்தால் எங்கேயாவது ஒரு லொறிக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துமிருக்கலாம். எந்த அறிக்கையிலும் என் படிப்பை மூலகாரணமாக எழுத முடியாது. இதை மூன்று விதமாக எழுதி மூன்று தரமும் எனக்கே சரியாகப் பட்டது. அதன் பிறகும் நித்திரை வரவில்லை. 3,100ஐ இருபதால் பிரித்தால் 155. அந்த மாதம் தொப்பிக்காரருடைய கட்டுக்காசிலும் 155 யூரோ குறைந்திருக்கும். அவர் அதை எண்ணி மிச்சத்தைக் கட்டியிருப்பார்.

அடுத்த நாட்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோயிலுக்குப் போனோம். ஒரு நாள் மழையில் லூவ்ர் வாசலில் வரிசையில் நின்றோம், மகனுக்குக் காய்ச்சல் வந்தது, இறங்கியது. புதுவருடத்துக்கு அடுத்த சனிக்கிழமை தங்கச்சி ஒரு 'கலெத்' வாங்கி வந்தாள். மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிரெஞ்சுக்காரர் வெட்டுகிற, வாதுமை வைத்த மாப்பண்டம். உள்ளே விரல்நுனி அளவில் ஒரு பீங்கான் பொம்மை ஒளித்திருக்கும். யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்குக் கடதாசிக் கிரீடம். அளாப்பல் நடக்காமல் இருக்க வீட்டில் ஆகச் சின்னப் பிள்ளை மேசைக்கு அடியில் போய் இருந்து, எந்தத் துண்டு யாருக்கு என்று சொல்ல வேண்டும். என் மகன் அடியில் போனான். பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் சித்திக்கு விளங்காது.

"இது ஆருக்கு?" என்றாள் தங்கச்சி.

"தாத்தாவுக்கு!" என்று மேசைக்கு அடியிலிருந்து தமிழில் வந்தது.

பொம்மை சித்தப்பாவுக்குத்தான் வந்தது. கட்டின பல்லில் கடிபட்டு நல்லகாலம் தப்பியது. பிள்ளைகள் மூவரும் சேர்ந்து தங்கநிறக் கிரீடத்தை அவர் தலையில் ஏற்றினார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சிகரெட் பிடிக்கப் பல்கனிக்குப் போனார். சித்தி பார்க்காத நேரம் பார்த்து நானும் போனேன். தூரத்தில் ரயில் பாதையின் சிவப்பு விளக்குகள் தெரிந்தன. கிரீடத்தைக் கழற்ற மறந்துவிட்டிருந்தார்.

"சித்தப்பா, அண்டைக்கு 3,100 கழிவு போனதை நீங்கள் எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் 6,900தான் தந்தனான்."

"சித்தியோ சொன்னது?"

நான் பேசவில்லை.

"தந்த காசைத் தந்திட்டாய். கழிவு நான் கூறினது. அது உன்ர கணக்கில்லை."

"அவருக்கு நான்…"

"நீ அதைத் திறக்காத," என்றார் கொஞ்சம் உரத்து. பிறகு சிகரெட்டை நிலத்தில் அணைத்துவிட்டுக் குனிந்து அந்தத் துண்டைப் பொறுக்கினார். நெடுநேரம் கழித்து, எனக்குச் சொல்கிறவர் மாதிரி இல்லாமல் சொன்னார்:

"அவர் 3,000 எண்டவர். நான் ஒரு நூறு கூட்டினன். அவர் நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தார். இன்னுமொரு நூறு அவர் கூட்டியிருந்தால் நான் விட்டிருப்பன்."

உள்ளே மருமகன் "தாத்தா!" என்று கூப்பிட்டான். அவர் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரயில் மூன்று மணிக்குப் பிறகுதான். வெள்ளெனவே கார் து நோருக்கு வந்து, பெட்டிகளோடு எல்லாருமாக லாச்சப்பலில் ரோல்ஸும் வடையும் கட்டிக்கொள்ளப் போனோம். றூ காய் முனைக் கடை வாசலில் அவர் நின்றார். உள்ளே சூடாக இருக்கும்போது ஏன் வெளியே நிற்கிறார் என்று முதலில் யோசித்தேன். சித்தப்பா சொல்லிவைத்திருக்க வேண்டும்.

"இவையோ பிள்ளையள்?"

மகள் இரண்டு கையையும் கூப்பி வணக்கம் சொன்னாள். தமிழ்ப் பாடசாலையில் பழக்கியது. அவர் கைத்தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு அவள் தலையில் கை வைத்தார்.

"என்ன படிக்கிறீர் அம்மா?"

"நான் இயர் செவன். எனக்கு... விஞ்ஞானம் விருப்பம்," என்று அவள் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"அப்பாவைப் போல?"

"இல்லை, அப்பா கொம்பியூட்டர். நான் டொக்டர்."

அவர் அதற்குச் சிரித்தார். முன்வாயில் ஒரு பல் இல்லை. மேலங்கியின் உள் பையில் கைவிட்டு, ஏற்கனவே நாலாக மடித்து வைத்திருந்த ஒரு 20 யூரோத் தாளை எடுத்து அவள் கையில் வைத்துப் பொத்தினார்.

"ரெயிலுக்க சொக்கிளேற் வாங்கும்."

சித்தப்பா மெத்ரோப் பாலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேலே ஒரு ரயில் போனது. மகள் பொத்திய கையோடு, வாங்கலாமா என்று என் முகத்தைப் பார்த்தாள்.